பங்காருபேட்டை வரை திறக்காத டப்பா

டென்ட் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்குக் காலையில் என்ன சாப்பாடு தோதுப்படும் என்று கேட்டால், என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. ரவையைப் பதமாக வறுத்து, கடுகு, உளுந்து, வேர்க்கடலை, மிளகு, கறிவேப்பிலை எல்லாவற்றையும் நெய்யில் தாளித்துக் கொட்டி, உப்பும் கலந்து, ஆறவைத்து டப்பாவில் அடைத்துவிட வேண்டும். போன இடத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இதைக் கொட்டிக் கிளறி மூடினால் உப்புமா ஆகிவிடும். கூடவே அவித்த முட்டையும் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சியும் இருந்தால் மத்தியானம் வரை பசிக்காது.

இதை என் வீட்டுக்காரருக்காகக் கண்டுபிடித்தேன். அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அடைத்துக் கொடுத்ததோடு சரி, நானும் சாப்பிட்டதில்லை.

அவர் ஊரிகத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான். இருட்டோடு போவார், இருட்டியபின் வருவார். பொடி தடவிய இட்லியை டப்பாவில் வைத்துக் கொடுப்பேன். அதை ரயில் சிநேகிதர்களோடு சாப்பிடுவார். ராத்திரி டப்பாவைக் கழுவும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பேன். "காலி" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்திருக்கவே வெயில் ஏறிவிடும். ஆறு நாள் விடியுமுன் எழுந்த மனிதரை எழுப்ப எனக்கு மனம் வராது. இப்படியே கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் தனியாகத்தான் காலையில் சாப்பிட்டேன்.

தை மாதக் குளிரில் அந்த ரயில் கூட்டம் பேத்தமங்கலம் ஏரிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் டென்ட் அடித்து ஒரு ராத்திரி தங்கும். முதல் வருஷம் ரொட்டியும் ஜாமும் எடுத்துப்போய், பசியில் முகம் வாடித் திரும்பினார்கள். எனக்கு மானம் போனது. அடுத்த வருஷத்திலிருந்து ரவை டப்பா போனது. கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் இவர்களுக்கே கொடுக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வறுப்பேன்.

"ரிட்டயர் ஆவட்டும், தெனம் உன்னாண்டதான் டிபன்" என்று சொல்லியிருந்தார். ரிட்டயர் ஆக ஒரு சில மாதங்கள் இருக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார்.

அழுது தீர்ந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவர் மேல் வரவில்லை. அந்த ரயில் சிநேகிதர்கள் மேல் வந்தது. எனக்குச் சேரவேண்டிய காலைகளை எல்லாம் அவர்கள் சாப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதன்பிறகு காலையில் காப்பியோடு நிறுத்திக்கொண்டேன். அடுப்பில் இட்லிப் பானை ஏறவே இல்லை.

இந்தத் தை மாதம் அவர்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணி, இந்த வாட்டி நீங்களும் வாங்க. எங்க வூட்டு பொம்பளைங்களையும் கூட்டிகினு வரோம்" என்றார் மூவரில் மூத்தவர். சரி என்றேன். பாசத்தில் சொல்லவில்லை. என்னிடம் இல்லாத எது இவர்களிடம் இருந்தது என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

விடியும்போது ஏரிமேல் பனி இறங்கியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்து நானே உப்புமா கிளறினேன். ஆளாளுக்கு ரயிலுக்குக் கொண்டுபோகும் டிபன் டப்பாவையே எடுத்து வந்திருந்தார்கள். நிரப்பிக் கொடுத்தேன். பழக்கதோஷத்தில் நானும் அவருடைய டப்பாவைக் கொண்டுவந்திருந்தேன். அதையும் நிரப்பினேன்.

மூன்று பேரும் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் திறக்கவில்லை. கூட வந்திருந்த மனைவிமார் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "இன்னா, ஆறிப் போவுதே. புடிக்கலன்னா சொல்லிடுங்க" என்றேன்.

மூத்தவர் தலையைத் தூக்காமல் சொன்னார். "அய்யோ, அது இல்ல அண்ணி. நாங்க ஊரிகத்துலயே ஏறிடுவோம். இவரு ஏறுறது பங்காருபேட்டைல." பக்கத்தில் இருந்த கன்னடக்காரரைக் காட்டினார். "இவரு வராம டப்பா தொறக்கக் கூடாதுன்னு அண்ணன் சட்டம் போட்டுட்டாரு. பங்காருபேட்டை வந்தா கதவாண்ட போயி நிப்பாரு. இவரு ஏறினதும் 'ஆள் ஏறியாச்சு, தொறங்க'ன்னு கொரல் குடுப்பாரு. ஒரு நாளு இவருக்கு ஜொரம், வரல. பங்காருபேட்டை தாண்டி மாலூரு வரைக்கும் எங்களத் தொறக்க வுடல. இங்க டென்ட்டுக்கு வந்தாலும் அதே கொரல்தான்."

"இப்ப ரயில்ல யாரு சொல்றது?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்றதில்ல. அண்ணன் போனதுல இருந்து ரயில்ல சாப்புடுறத வுட்டுட்டோம். ஆபீசு போயி அவனவன் தனியா சாப்டுக்குறோம்."

பங்காருபேட்டைக்காரர் டப்பா மூடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "நான் எப்படி சொல்றது அத்திகே?" என்றார். அவர் பாஷையில் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார். "ஏறுறவன் நானு."

நான் சாப்பிடாமல் காப்பி குடித்துக்கொண்டிருந்த அதே காலைகளில் இவர்களும் மூடிய டப்பாவோடு பெங்களூர் வரை போயிருக்கிறார்கள். சண்டை போட வந்த எனக்கு இவர்கள்மேல் இருந்த கோபம் இறங்கிவிட்டது. ஆனால் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். இவ்வளவையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இப்போது அவர்மேல் வந்தது. அது இன்னும் இருக்கிறது.

அவர்களுக்கு நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். வேண்டுமென்று விட்டார்களா, பழக்கத்தில் விட்டார்களா தெரியாது. அவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன். நானே குரல் கொடுத்தேன்.

"ஆள் ஏறியாச்சு, தொறங்க."

மூடிகள் திறக்கிற சத்தம் கேட்டது. பங்காருபேட்டைக்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு முதல் வாய் எடுத்தார். நானும் எடுத்தேன். உப்புமா ஆறிப்போயிருந்தது. உப்பு நன்றாகவே தூக்கல். இத்தனை வருஷமும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். என் அளவு மாறவே இல்லை. அவரும் சொல்லவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை. எல்லாரும் வழித்துச் சாப்பிட்டார்கள். நானும் டப்பாவைக் காலி செய்தேன்.