பதினேழு டிகிரி

எண்பதுகளின் நடுவில் நான் பி.எஸ்சி. அப்ளைடு பிசிக்ஸ் படித்தேன். அது என்ன படிப்பு என்று கொரட்டூரில் எங்கள் தெருவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆவடியில் தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, "கிட்டத்தட்ட இன்ஜினியரிங்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். பிளஸ் டூவில் நான் வாங்காமல் விட்ட மதிப்பெண்கள் அத்தனையும் அந்தக் 'கிட்டத்தட்ட'வுக்குள் அடங்கிவிட்டன. அக்கம்பக்கத்தில் டிவி படம் ஆடினால் என்னை மொட்டை மாடிக்கு ஏற்றி ஆன்டெனாவைத் திருப்பச் சொல்வார்கள். திருப்புவேன். கீழேயிருந்து "இன்னும் கொஞ்சம், ஆங், போச்சு" என்று குரல் வரும். இயற்பியலால் என் தெருவுக்கு நான் செய்த தொண்டு அவ்வளவுதான்.

கல்லூரி ஆவடிக்கு அப்பால், ரயிலை விட்டு இறங்கி வெயிலில் நெடுந்தூரம் நடக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பாடத்திட்டத்தில் லேசர் இருந்தது. லேபில் இல்லை. லேபில் இருந்த கருவிகளில் பாதி, எங்களுக்குப் பாடம் எடுத்தவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் காலத்தவை. எதைத் தொட்டாலும் ஒரு திருகு கையோடு வரும். ஆனால் விடைகள் மட்டும் எந்தக் குறையுமில்லாமல் வந்துகொண்டிருந்தன. அந்த அதிசயத்தை விளக்க வேண்டும்.

சோடியம் விளக்குச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். டார்க் ரூம் என்ற பெயரில் கறுப்புத் துணி மாட்டிய ஓர் அறை. உள்ளே மஞ்சளாக எரியும் ஒரு விளக்கு. அந்த ஒளியை கிரேட்டிங் என்கிற சிறிய கண்ணாடித் தகட்டின் வழியே செலுத்தினால் அது பக்கவாட்டில் விலகும். தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் நெருக்கமாகக் கீறப்பட்டிருக்கும். அங்குலத்துக்குப் பதினைந்தாயிரம் கோடு என்று ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். டெலஸ்கோப்பைத் திருப்பி, ஒளி எத்தனை டிகிரி விலகியது என்று பார்த்து, சீட்டில் உள்ள எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மஞ்சளின் அலைநீளம் கிடைக்கும். 5893 ஆங்ஸ்ட்ராம். உலகத்துக்கே தெரிந்த எண். விடை தெரிந்த பிறகு எதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அளக்க வேண்டும்?

எனவே எங்கள் கல்லூரியில் ரீடிங்கை யாரும் எடுப்பதில்லை, சமைப்பார்கள். 5893-இல் தொடங்கிக் கணக்கைத் தலைகீழாகப் போட்டால், கோணம் இருபது டிகிரியும் கொஞ்சமும் என்று வரும். கடைசி இலக்கத்தில் அங்கங்கே கூட்டிக் குறைத்து, மனிதன் பார்த்து எழுதியது போல் அதை ஆக்க வேண்டும். எங்கள் வகுப்பின் ஆராய்ச்சித் திறமை முழுவதும் அந்தக் கடைசி இலக்கத்தில் குடியிருந்தது. யாராவது புதிதாக வந்தவன் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு தடுமாறினால், லேப் அட்டெண்டருக்கே மனம் பொறுக்காது.

"இன்னா தம்பி, அதுக்குள்ள பூந்து பாத்துகினு கீறே? வெளக்கு எங்கியும் ஓடிடாது. இருபதுன்னு போட்டுட்டு டீ குட்சிட்டு வா."

இந்தச் சமையலில் சேராதவன் ஒருவன் இருந்தான். குமணன்சாவடியிலிருந்து பஸ்ஸில் அம்பத்தூர் வந்து ரயில் பிடிப்பான். அவன் குடும்பத்துக்கு அங்கே மெத்தைக் கடை. எனக்கு லேப் பார்ட்னர், ரயிலில் பக்கத்து இருக்கை, இந்த உலகத்திலேயே நெருங்கிய நண்பன். அத்தா என்று அவன் கூப்பிடும் அப்பாவோடு அவனுக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. பட்டம் வாங்கிய கையோடு எம்.எஸ்சி. சீட் கிடைத்தால் படிக்கலாம். ஒரு வருடம் வீணானாலும் கடையில் உட்கார வேண்டும். அவன் வேறு எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை, அந்த ஒரு வருடத்துக்குத்தான் பயந்தான்.

சோடியம் சோதனையை முதல் சுற்றில் நாங்கள் இருவரும் சேர்ந்தே செய்தோம். கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து, ஒவ்வொரு ரீடிங்கையும் மறுபடி மறுபடி பார்த்து அவன் கொண்டுவந்த விடை 5860. டீ குடித்துவிட்டு வந்து நான் கொண்டுவந்த விடை 5891. ஆசிரியர் அவனைப் பார்த்துக் கேட்டார்.

"சோடியம் உனக்கு மட்டும் வேற மாதிரி எரியுதாப்பா?"

எனக்கு அவனைவிட அதிக மதிப்பெண். அவன் அதற்கு வருத்தப்படவில்லை. ரயிலில் என் முதுகில் ஒன்று வைத்துச் சொன்னான். "இந்த ஓட்ட டெலஸ்கோப்ப வச்சிகினு இவ்ளோ கிட்ட போயிருக்கேன் மாமே. நீ சொல்லு, யாருக்கு வரும்? உனுக்கு வந்தது வெளக்கு சொன்னதில்ல, அட்டெண்டர் சொன்னது."

கடைசிப் பருவத்தில் ஒரு நாள், ஜூனியர்கள் சிலருக்கு முன்னால் மேதாவித்தனம் காட்டுவதற்காக அந்த கிரேட்டிங்கை ஜன்னல் வெயிலில் பிடித்து வானவில் காண்பித்தேன். வானவில் நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் போன பிறகு, திருப்பி வைக்கும்போது கை வழுக்கியது. சிமெண்டுத் தரையில் அது மூன்று துண்டாகக் கிடந்தது. பொருளை உடைத்தவனின் அப்பாவை வரவழைத்து நிற்க வைத்துப் பேசுவது எங்கள் துறைத் தலைவரின் வழக்கம். கிட்டத்தட்ட இன்ஜினியரின் அப்பா வந்து அங்கே நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அலமாரியின் மூலையில், தூசி படிந்த பெட்டியில் அதே அளவில் இன்னொரு கிரேட்டிங் இருந்தது. உடைந்ததிலிருந்து சீட்டை எச்சில் தொட்டு உரித்துப் புதியதில் ஒட்டினேன். அந்தப் பெட்டிமேல் என்ன எண் எழுதியிருந்தது என்று படித்துக்கூடப் பார்க்கவில்லை. துண்டுகள் கொரட்டூர் ஏரிக்குள் போயின.

சில நாட்கள் பயந்து செத்தேன். பிறகு பயம் போய்விட்டது. ஏனென்றால் அதன் பிறகு அந்தக் கண்ணாடியில் சோதனை செய்த எல்லோருக்கும் 5893 வந்தது. 5890 வந்தது. ஒருவனுக்கு 5893.2 வந்து பாராட்டும் கிடைத்தது. கண்ணாடியை மாற்றினாலும் விடை மாறவில்லை. கண்ணாடியையே எடுத்துவிட்டு வைத்திருந்தாலும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பல்கலைக்கழக செய்முறைத் தேர்வு நாள் வந்தது. சீட்டுக் குலுக்கலில் யாருக்கு எந்தச் சோதனை என்று முடிவாகும். காலைக் குழுவில் எனக்கு சோடியம் விழுந்தது. அன்றைக்கு மட்டும் என்ன தோன்றியதோ, டெலஸ்கோப்பில் உண்மையாகவே பார்த்தேன். மஞ்சள் கோடு இருபதில் இல்லை, பதினேழில் நின்றது. நான் ஒட்டிய சீட்டு பொய் என்று அந்த விளக்கு சொன்னது. நான் இருபது என்று எழுதினேன். வெளிக்கல்லூரியிலிருந்து வந்த தேர்வாளர் 5893-ஐப் பார்த்து, "நீட் வொர்க்" என்றார்.

மதியக் குழுவில் அதே சோதனை என் நண்பனுக்கு விழுந்தது.

சேர்ந்து ரயிலுக்குப் போகலாம் என்று நான் வராந்தாவில் காத்திருந்தேன். நேரம் முடியப் போகும்போது அட்டெண்டர் வெளியே வந்து, "உன்ன உள்ள கூப்புட்றாங்கோ" என்றார். உள்ளே அவன் சட்டை முதுகோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். தேர்வாளர் அவன் தாளைக் கையில் வைத்திருந்தார். விடை நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். அது நீலத்தின் அலைநீளம். மஞ்சள் விளக்கை அளந்து நீலம் என்று எழுதியிருக்கிறான் என்பது குற்றச்சாட்டு.

"சார், நாலு தபா எடுத்துட்டேன் சார். பதினேழுதான் வருது."

"தம்பி, காலையில இதே செட்ல இவர் 5893 எடுத்திருக்கார். அதே விளக்கு, அதே கிரேட்டிங்." என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இதுல ஏதாவது பிரச்சினை இருந்துதா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் எப்படி ரீடிங் எடுப்பவன் என்று அவனுக்குத் தெரியும். "சமைத்தேன்" என்று நான் சொல்ல வேண்டும் என்றுகூட அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான். சரியாகப் பார்க்கவில்லை என்று இழுத்திருந்தால்கூடப் போதும், அவர் ஒருமுறை டெலஸ்கோப்பில் குனிந்து பார்த்திருப்பார்.

"இல்ல சார்" என்றேன்.

ரயிலில் அவன் என்னிடம் கோபப்படவில்லை. பட்டிருக்கலாம். தன் விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தான். "பதட்டத்துல எங்கியோ உட்டுட்டேன் போல கீது மச்சான். நாலு தபா பாத்தும் நாலு தபாவும் தப்பாவே பாத்திருக்கேன் பாரு." திருமுல்லைவாயிலா அம்பத்தூரா, எந்த ஸ்டேஷன் என்று நினைவில்லை, ஆறுதலாக அவன் தோளில் கை வைத்தேன். அதையும் செய்தேன்.

அவன் செய்முறையில் தோற்றான். அடுத்த தேர்வில் அதை எழுதித் தேறுவதற்குள் சேர்க்கை முடிந்து, அத்தா அவனைக் கடையில் உட்கார வைத்துவிட்டார். எனக்கு எம்.எஸ்சி. கிடைத்தது. பிறகு ஒரு கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் ஆனேன். மாணவர்கள் எனக்கு 5893 கொண்டுவந்தார்கள். நான் "நீட் வொர்க்" என்றேன்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிப் புதுக் கட்டில் வாங்கியபோது, மெத்தை தைக்க குமணன்சாவடிக்குப் போனேன். மெத்தை ஒரு சாக்கு என்று வைத்துக்கொள்ளலாம். பஞ்சு பறக்கிற கடையில் அவன் கொஞ்சம் பருத்துப்போய் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டான். "புரொபசர் ஆயிட்டியாமே, இன்னா மாமே, மறந்துட்டே பாத்தியா" என்று டீ வரவழைத்தான். அவன் தம்பி துணியை விரித்துக் கட்டில் அளவைக் கேட்டான். டேப் தம்பியின் கழுத்தில் இருந்தது. எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன், "ஆறுக்கு நாலு."

"அளந்துகினு வந்தியா?" என்றான் நண்பன். பிறகு சிரித்தான். "நான் கேக்கக் கூடாதுப்பா. இந்தக் கடைல நான் டேப்பத் தொட்றதே இல்ல. எனுக்கு அளவு வராது. உனுக்குத்தான் தெரியுமே."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன். ஜன்னல், வானவில், எச்சில், சீட்டு, இல்ல சார், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் துணிமேல் கிடந்த சாக்கட்டியை எடுத்தான். வெட்டாமல் விரித்திருந்த மெத்தைத் துணியில் எழுத ஆரம்பித்தான். பதினேழு டிகிரிக்கு சைன் மதிப்பு. அடுத்து 5893. அங்குலத்துக்கு மாற்ற 2.54. பத்து வருடம் பஞ்சுக்குள் இருந்தவனுக்கு ஒன்றும் மறந்திருக்கவில்லை. கடைசியில் வந்த எண்ணின் கீழே கோடு போட்டான்.

"அங்குலத்துக்குப் பன்னெண்டாயிரத்து அஞ்சுநூறு, அறுநூறு. அவ்ளோதான் இருந்திருக்கும் அந்தக் கண்ணாடில. பொட்டி மேல இன்னா போட்டிருந்துது?"

"நான் பாக்கல."

"நீ பாக்க மாட்ட."

தம்பி புரியாமல் எங்கள் இருவரையும் பார்த்தான். நண்பன் எழுந்து தம்பியின் கழுத்திலிருந்து டேப்பை உருவினான். நான் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் யாருக்கோ தைக்க வைத்திருந்த துணியை இழுத்துப்போட்டு, நீளத்தை அளந்தான். மறுபடியும் அளந்தான். தலையை நிமிர்த்தாமலே சொன்னான்.

"மெத்தைய வேற எடத்துல தச்சிக்கோ."

மாமே என்று சேர்க்கவில்லை. திரும்பும் வழியில் அம்பத்தூரில் ஒரு ரெடிமேட் கடைக்குள் நுழைந்தேன். அங்கேயும் அளவு கேட்டார்கள். ஆறுக்கு நாலு என்றேன். வீட்டில் கொண்டுவந்து போட்டபோது மெத்தை கட்டிலைவிட ஒரு சாண் குட்டையாக இருந்தது.