ஏரியல் கம்பியின் நீளம்

சிங்கப்பூர் ஜப்பான்காரர்களிடம் விழுந்த பிறகு என் கொழுந்தனாரிடமிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது. அவர் அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. அவர் மனைவியும் நானும் தென்காசியில் ஒரே வீட்டில் இருந்தோம். சிங்கப்பூர் வானொலியில் சில மாலைகளில் அங்கே உயிரோடிருக்கும் தமிழர்களின் பெயர்களை வாசிப்பதாக ஊரில் பேச்சு அடிபட்டதும், பொழுது சாயும்போதெல்லாம் அவள் ரேடியோவின் முன்னால் உட்காரத் தொடங்கினாள். எதிரியின் நிலையத்தைக் கேட்பது வெளியே தெரியக் கூடாது, ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். சாரல் மாதத்தில் அந்த அறை உலராத துணிகளின் வாடையோடு மூடிக் கிடக்கும்.

என் கணவர் ஏரியல் கம்பியை மாடியிலிருந்து தோட்டத்துக் கடைசித் தென்னைவரை நீட்டிக் கட்டினார். தூரத்துக் குரல் வந்தது. கூடவே அரிசி ஆலை மோட்டாரின் கரகரப்பும், மலைக்கு அப்பால் வெட்டும் மின்னலின் படபடப்பும் வந்தன. திருச்சி நிலையத்து வீணைக் கச்சேரியின் மேல் வேறொரு நிலையம் ஏறி உட்கார்ந்துகொண்டது. கம்பியைச் சுருக்கினார், கச்சேரி தெளிந்தது, சிங்கப்பூர் மறைந்தது. இடைப்பட்ட நீளம் ஒன்று அகப்படாதா என்று முழம் முழமாகக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். காற்றில் தென்னை அசைந்தால் அந்தக் கணக்கும் அசைந்தது.

"நீளம் கூடுனா குரலும் வருது, எரைச்சலும் வருது. ஒண்ண விட்டுட்டு ஒண்ணு வர மாட்டேங்குது," என்றவர், எது வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

வாசலைத் தாண்டாத என் நாட்களில் வெளியிலிருந்து வந்து சேர்ந்தது அந்த வீணைக் கச்சேரி ஒன்றுதான். நீளக் கம்பியின் இரைச்சலில் எந்தப் பெயரும் பிரிந்து கேட்காது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. குட்டைக் கம்பியே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எரைச்சலே இருக்கட்டும் அக்கா. அதுக்குள்ள அவுக பேரு வந்திட்டுப் போகுதுன்னு நெனைச்சுக்கிடுவேன். கம்பியக் கொறைச்சிட்டா நான் எதக் கேட்டுக்கிட்டு உக்காருதது?"

நீளமாகவே இருக்கட்டும் என்றேன்.

மறுவாரம் வீட்டார் எல்லாரும் குற்றாலத்தில் குளிக்க வண்டி கட்டிப் போனார்கள். அவள் வரவில்லை என்றாள், நானும் இருந்துகொண்டேன். கச்சேரி நேரம் வந்ததும் முள்ளை நானே சிங்கப்பூர்ப் பக்கம் திருப்பினேன். அறுந்து அறுந்து ஒரு குரல் எதையோ வாசித்தது.

"இப்பம் சொன்ன பேரு என்னக்கா?"

எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்றே சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு ரேடியோவின் பக்கம் இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.