ஒன்பது வருடப் பயிற்சி

என் தம்பிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. கணக்கு பத்தைத் தாண்டினால் தடுமாறுவான். ஆனால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவன் மடித்த படுக்கை விரிப்பில் ஓர் ஈரம், ஒரு கிழிசல் கண்டுபிடித்துக் காட்டுங்கள், பார்ப்போம்! கண்ணை நம்பமாட்டான். உள்ளங்கையை விரிப்பின் மேல் முழுக்க ஓட்டுவான். குறை இருக்கும் இடத்தில் கை நின்றுவிடும். பத்துப் பத்தாக அடுக்கிவிடுவான். அதற்கு மேல் எண்ண வேண்டிய தேவையே அவனுக்கு இல்லை.

புதிதாக வருகிறவர்களை அவனிடம்தான் பழக விடுவார்கள். போன வருடம் ஒரு பெண் வந்தாள், பட்டாசு மாதிரி வாய். ஒரு சாயங்காலம் தம்பியை அழைத்துவரப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, எனக்கு வேலை கத்துக் கொடுத்ததே அண்ணன்தான். என் சம்பளத்துல பாதிகூட அவருக்கு இல்லையாமே? என்னக்கா அநியாயம் இது!"

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடமாக, வருடா வருடம் மேலாளர் ஒரு தாளை நீட்டுவார். அதில் 'பயிற்சி பெறுபவர்' என்று இருக்கும். தம்பி கையெழுத்துப் போடுவான். பாதுகாவலர் என்ற கட்டத்தில் நான் போடுவேன். இருபது வயதில் படாதபாடு பட்டுக் கற்ற கையெழுத்து அவனுடையது, யார் கேட்டாலும் ஆசையாகப் போட்டுவிடுவான். நான் அப்படியா? படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். வேலை கொடுத்ததே பெரிது என்று ஒரு கும்பிடும் போட்டேன். மானங்கெட்ட கும்பிடு!

இந்த வருடம் தாள் வந்தபோது தம்பி பேனாவைத் தொடவில்லை. அந்தப் பெண் சொல்லி வைத்திருக்கிறாள்.

"படிச்சுக் காட்டுங்க சார்."

மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. படித்தார்.

"பயிற்சின்னா என்ன சார்?"

"வேலை கத்துக்கறதுப்பா."

"நான் கத்துக்கிட்டு ரொம்ப நாளாச்சு சார். மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறேன். அவங்க சம்பளம் எனக்கும் கொடுங்க."

"உனக்கு எதுக்குப்பா பணம்? அக்காதான் பாத்துக்கறாங்களே."

வந்ததே கோபம் எனக்கு! "உங்களை வீட்டுல யார் பாத்துக்கறாங்கன்னு கேட்டுட்டா சார் உங்களுக்குச் சம்பளம் போடறாங்க? தொழிலாளர் அலுவலகத்துக்கு மனு எழுதிட்டேன். இன்னைக்கே கொடுக்கவா?"

மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பதினோரு நாள் ஒரு பதிலும் இல்லை. தம்பி வழக்கம்போல வேலைக்குப் போய்வந்தான். பன்னிரண்டாம் நாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் புதிய தாளைக் கொடுத்தார்கள். தொழிலாளி, முழுச் சம்பளம். பாதுகாவலர் என்ற கட்டமே அதில் இல்லை. தம்பி நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

பேருந்துக்காக நின்றோம்.

"பழைய தாள்ல பயிற்சின்னு இருந்தது உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்டா. கேட்டா இருக்கற வேலையும் போயிடுமோன்னு பயந்துட்டேன்."

அவன் கோபப்படவில்லை. பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா," என்றான்.