கரடியோடு நடந்தவர்

தொண்ணூறுகளில் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு மிருகக்காட்சி சாலை வாசலில் நான் கடலை விற்றேன். அங்கே ஒரு கரடி பகல் முழுக்கக் கூண்டுக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருக்கும். நான் கடலை போட்டாலும் திரும்பாது. அதற்குத் தீனி வைக்கும் காக்கிச் சட்டைக்காரர், வெறுங்காலோடு, கம்பிக்கு வெளியே கூடவே நடப்பார். மெல்ல நடையைக் குறைப்பார். கரடியும் குறைத்துப் படுத்துவிடும். எனக்கு வயிறு எரியும்.

"ஏனுங்ணா, கடலை போடறவன் நானுங்க. உங்களுக்குத்தான் அடங்குது!"

"அது வெளிய போற வழியத் தேடுதுங்க தம்பி. கடலைய வெச்சு என்ன பண்ணும்? சும்மா கூட நடங்க."

அவர் லீவு போட்ட அன்று நடந்தேன். என் கால்தான் ஓய்ந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் எனக்குக் கடலை போட்டார்கள். நான் விற்ற கடலை. பொறுக்கித் தின்றேன்.

கரடி அவர் வரும் பக்கமே பார்த்து நடந்தது. என்னை யாரும் அப்படித் தேடியதில்லை.