நுரை இல்லாத ஏரி

ஏரிப் படம் என்றாலே காலண்டர்காரர்கள் அப்பிவைக்கும் அந்தப் பொய் நீலத்தைக் கண்டால் அறிவுமதிக்குக் குமட்டும்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ் ஏறிப்போய், ஒரகடத்துக் கார் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் பிரிவில் வேலை பார்க்கிறாள். லைனில் வரும் காரை உள்ளங்கையால் தடவி, புள்ளியோ தூசியோ தட்டுப்பட்டால் மஞ்சள் சாக்பீஸால் வட்டம் போடுவாள். அடுத்து நிற்கும் சாம்சன் வட்டத்துக்குள் தேய்த்து, பெயிண்ட் தொட்டு, புள்ளி இருந்த சுவடே இல்லாமல் செய்துவிடுவான். ஓவியம் படித்துவிட்டு இந்தப் பிழைப்பா என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு.

அவளைத் தாங்கிப் பிடித்தது ஒரு நாவல். ஓர் ஓவியனின் வாழ்க்கைக் கதை. அட்டை கிழிந்து, டேப் ஒட்டி, பெயிண்ட் தின்னர் வாடை ஏறிப்போன புத்தகம். அதில் ஒரு பணக்காரன், தன் அம்மாவின் படத்திலிருந்து கன்னத்து மருவை எடுத்துவிடச் சொல்வான். மரு போனால் அது உங்கள் அம்மா இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த ஓவியன் பட்டினி கிடப்பான். பஸ்ஸில் படிக்கையில் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கும். ஒரு தடவையாவது தானும் இப்படி நிமிர்ந்து நிற்க மாட்டோமா என்று ஏங்குவாள்.

வெளிநாட்டு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று, காம்பவுண்டுச் சுவரில் படம் போட அவளைக் கூப்பிட்டார் மேனேஜர் நம்பிராஜன்.

"கிராமத்து ஏரி ஒண்ணு வரைம்மா. நல்லா ப்ளூவா இருக்கணும். நாலு கொக்கு வுட்டுடு."

நிஜ ஏரி சுவருக்கு அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. நுரை பொங்கி, மீன் செத்து மிதந்து, மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது. அதை மறைக்கிற சுவரிலேயே கொக்கு பறக்கவிட வேண்டுமாம்! சீ, என்ன ஜென்மங்களோ.

"சரி சார்" என்றாள். வரைந்தது நிஜ ஏரியைத்தான். நீலத்தின்மேல் திட்டுத்திட்டாக வெள்ளை நுரை. ஓரத்தில் தன் பெயரை எழுதினாள். வேலை போனாலும் போகட்டும் என்று பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் சுவரின் முன்னால் கூட்டம். நம்பிராஜனுக்கு வாயெல்லாம் பல். ஏரியில் ஒரு பொட்டு நுரை இல்லை. அங்கங்கே மஞ்சள் வட்டங்கள் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தன.

சாம்சன் ஓடிவந்தான். "இன்னாக்கா, பாதில வுட்டுட்டுப் போய்ட்டே? அடி சுண்ணாம்பு அப்டியே வெள்ள வெள்ளயா தெரிஞ்சுகினு இருந்துச்சு. உனுக்கு ஒடம்பு முடியலபோலன்னு நானே மார்க் பண்ணி, பசங்களோட ஓ.டி. நின்னு தேச்சு, உன் ப்ளூ டப்பாலயே டச்சப் பண்ணிட்டேன். ஒரு புள்ளி இருந்தா சொல்லு!"

நம்பிராஜன் அழித்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். பாசத்தோடு அழித்தவனிடம் என்ன சண்டை போடுவது? அவளையறியாமல் கை சுவரைத் தடவியது. கார் பானெட் மாதிரி வழவழவென்று இருந்தது. இத்தனை வருஷமாக வட்டம் போட்டுப் போட்டு, இதை அவனுக்குப் பழக்கிவிட்டதே இந்தக் கைதான். கையைத் துப்பட்டாவில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"பேர் அப்டியே இருக்கட்டும். கேட்டா நம்ம ஸ்டாஃப் வரைஞ்சதுன்னு காட்டலாம்" என்றார் நம்பிராஜன்.

அறிவுமதி பையிலிருந்த மஞ்சள் சாக்பீஸை எடுத்து, தன் பெயரைச் சுற்றி வட்டம் போட்டாள்.

"சாம்சா, ஒண்ண வுட்டுட்டியே."

அவன் குனிந்து பார்த்தான். "அக்கா, அது உன் பேரு."

"தெரியும். தேச்சு எடு."