சாகாத ஆல்ட்ரனுக்கு ஓர் எண்

வெர்லின் ப்ருஸ் ஒரு காகித ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அந்த ஏரிக்கரை ஊரில் யாரைக் கேட்டாலும், தங்கமான மனுஷன், பேச ஆரம்பித்தால்தான் நிறுத்த மாட்டான் என்பார்கள். கல்யாணம் இல்லை, குடும்பம் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் சமையலறை மேசையில் வரைபடத்தையும் பகடைகளையும் பரப்பிவிடுவான். கதையை நடத்துவது அவன். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ வைத்தியச்சியாகவோ அந்தக் கதைக்குள் புகுந்துகொள்வார்கள். வெட்டுப்படுவதும் தப்பிப்பதும் பகடை விழுகிறபடி. நாற்பது தாண்டியவர்களுக்கு இது என்ன பொம்மை விளையாட்டு என்று ஊரில் சிரிக்கிறவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த ஊர்ப் பனிக்காலத்தில் மதுக்கடையை விட்டால் வேறு போக்கிடம் ஏது?

முன்பு அந்த மேசையில் அவன் தம்பி மைலோவும் இருந்தான். மைலோ ஆடியது ஆல்ட்ரன் என்கிற மந்திரவாதியை. அரைகுறை மந்திரவாதி. பாதி மந்திரம் சொதப்பிவிடும், மேசையே விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு பிப்ரவரியில் மைலோ மீன் பிடிக்க உறைந்த ஏரி மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். பனிப்பாளம் உடைந்து வண்டியோடு உள்ளே போய்விட்டான். உடலை எடுக்கவே பல நாள் ஆயிற்று. அடையாளம் சொல்லப் போனது அவன் மனைவி லோர்னா ஒருத்திதான். வெர்லின் போகவில்லை. என்னால் ஆகாது, என்னிடம் எதுவும் சொல்லவும் வேண்டாம் என்று ஒரேயடியாகக் கையை விரித்துவிட்டான்.

வசந்தம் வருவதற்குள் ஆல்ட்ரனுக்குச் சாகாவரம் கொடுத்துவிட்டான். வடக்குக் கோபுரத்தில் வாசம். தெரியாத சங்கதி கிடையாது, முடியாத காரியம் கிடையாது. லோர்னாவும், ஆலைத் தோழன் கார்டியும் ஆடுகிற ஆட்கள் எந்தக் குகையில் மாட்டிக்கொண்டாலும் சரி, கடைசி நொடியில் ஆல்ட்ரன் வந்து குதிப்பான். அதுவும் மைலோவின் குரலில், மைலோவின் அந்தத் தொண்டைச் சிரிப்போடு. வெர்லினுக்கு அந்தக் குரல் அச்சு அசலாக வரும்.

நான் கேட்கிறேன், இப்படி ஒருத்தனைக் கதையில் வைத்தால் மற்றவர்களுக்கு அங்கே என்ன வேலை? பயப்பட்டால்தானே துணிச்சல் என்று ஒன்று இருக்கும்? கோபுரத்தில் ஒரு பெரிய மனிதர் இருக்கட்டும், வழி சொல்லட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது. எல்லாச் சண்டையிலும் அவரே இறங்கி வெட்டினால் நாம் என்ன, வேடிக்கை பார்க்கப் பிறந்தோமா? கார்டி இதைத்தான் வாரம் தவறாமல் முணுமுணுத்தான்.

லோர்னாவின் கஷ்டம் வேறு. புருஷன் குரலை அவன் அண்ணன் வாயில் கேட்டுவிட்டு, வெறும் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். எத்தனை சனிக்கிழமைதான் ஒருத்தி தாங்குவாள்? ஒருநாள் வெளிப்படையாகவே கேட்டாள், ஆல்ட்ரனைச் சாகவிடு, நான் பிழைத்துக்கொள்கிறேன் என்று. வெர்லின் காதில் விழாத மாதிரி காபி ஊற்றினான். அவள் வராமலும் இருந்து பார்த்தாள். அவள் வாசல் பனியைத் தள்ள வந்த வெர்லின் சன்னலுக்கு வெளியே நின்று அழுததைப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

கதை நடத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாகாதவனுக்கு உயிர்ப் புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்கிற கணக்கு, எழுத மாட்டார்கள். எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதைக் குறைத்துக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம். இது வெர்லினுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு சனிக்கிழமை கார்டி அவனைச் சீண்டிவிட்டான்.

கணவாயில் எலும்பு நாகம் வழிமறித்தது. கார்டி பகடையைத் தொடவே இல்லை. "நான் எதுக்கு உருட்டணும்? உன் ஆளு வருவான், கிழிப்பான். அவனுக்கென்ன, அடியா உதையா. நான் ரொட்டி சுடப் போறேன்."

வெர்லினுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஆல்ட்ரன் ஒன்றும் ஏமாற்றுக்காரன் இல்லை, அவனும் மற்றவர்களைப் போல அடிவாங்கித்தான் ஜெயிப்பான் என்று கத்தினான். எங்கே எண்ணைச் சொல்லு என்றான் கார்டி. ஐநூறு என்றான் வெர்லின். ரோஷத்தில் ஒரு காகிதத்தில் எழுதி மேசை நடுவில் வேறு வைத்தான். லோர்னா அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கென்று நாகத்துக்குப் பகடை வாரி வழங்கியது. ஐநூறு முந்நூறாயிற்று, நூறாயிற்று, ஒற்றை இலக்கத்துக்கு வந்து நின்றது. லோர்னா ஆடியது வைத்தியச்சியை. அவள் கை வைத்தால் ஆல்ட்ரன் எழுந்துவிடுவான். வெர்லின் அவளைப் பார்த்தான்.

"கை வைக்கிறேன்னு சொல்லு, லோர்னா."

"வைக்க மாட்டேன்."

வெர்லின் தன் முன்னால் நிறுத்தியிருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை எடுத்தான். அங்கே என்ன விழுந்தாலும் அவன் சொல்வதுதான் கணக்கு. லோர்னா எழுந்து தடுப்பை மடித்துத் தரையில் வைத்தாள்.

"எல்லாரும் பாக்க உருட்டு."

இன்றைக்கு இதோடு விடலாம் என்று கார்டி கெஞ்சினான். யாரும் காது கொடுக்கவில்லை. பகடை உருண்டது. நாகத்தின் அடி விழுந்தது, மிச்ச எண்ணும் தீர்ந்தது.

அந்த மேசையில் யாருடைய ஆள் செத்தாலும், எப்படிச் செத்தான் என்பதை ஆடியவர்தான் சொல்ல வேண்டும். கதை நடத்துபவன் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ஆல்ட்ரனை ஆடிய மைலோ உயிரோடு இல்லை. வெர்லின் மைலோவின் குரலில் ஏதோ தொடங்கினான்.

"நிறுத்து. அவன் என் புருஷன். நான் சொல்றேன்," என்றாள் லோர்னா.

ஆல்ட்ரன் விழுந்தது ஒரு ஏரியில் என்றாள். மேலே பனி மூடிவிட்டது. மந்திரம் எதுவும் அவனுக்கு வரவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடியிலிருந்து பனியைப் பிறாண்டினான். இடது கையில் மூன்று நகம் இல்லை. வாய் திறந்திருந்தது. முகம் மட்டும் மாறவில்லை, தூங்குகிற மாதிரி என்று எல்லாரும் சொல்வார்களே, அப்படி இல்லை, பயந்த முகம். சொல்லி முடித்துவிட்டு, தண்ணீர் குடித்தாள்.

வெர்லின் இரண்டு கையையும் மேசை மேல் வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டான்.

"ரொம்ப நேரம் ஆச்சா அவனுக்கு?"

"தெரியல, வெர்லின். அது யாருக்கும் தெரியாது."

கதை நடத்துபவன் சொன்னால்தான் சாவு சாவாகும். அதற்காக லோர்னா காத்திருந்தாள். கார்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"தம்பி செத்துட்டான்," என்றான் வெர்லின், தன் சொந்தக் குரலில்.