வாய்வுதான் என்று சொன்னேன்

எங்கள் ஊரில் நெஞ்சுவலி என்று ஒன்று கிடையாது. நெஞ்சு அடைத்தால் வாய்வு, விலா பிடித்தால் வாய்வு, தோள்பட்டை இழுத்தால் அதுவும் வாய்வு. எல்லாவற்றுக்கும் மருந்து சோடா. வாடிப்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அந்த சோடாவை விற்கிற கடை எங்களுடையது. அப்பா போட்ட கடை, இப்போது என் கையில் இருக்கிறது. நெஞ்சைத் தடவிக்கொண்டு ஒருவர் வந்து நின்றாலே எலுமிச்சம்பழத்தை அறுத்துவிடுவோம். உப்பைப் போட்டு சோடாவை ஊற்றி, நுரை பொங்கும்போதே குடிக்கச் சொல்வோம். பெரிதாக ஓர் ஏப்பம் வரும். கூட நிற்கிறவர்கள் "பாத்தியா, வாய்வுதேன்" என்பார்கள். ஏப்பம் வந்துவிட்டால் வைத்தியம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதைச் சொல்லாமல் என்னால் என் கூட்டாளியைப் பற்றி, எங்கள் பந்தாட்ட அணியில் ஆடியவனைப் பற்றிச் சொல்ல முடியாது. மற்றவர்கள் எல்லாம் அவனுடைய இடது காலிலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் ஆறு வருடமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்துதான் தொடங்கிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இடது காலையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. மழை பொய்த்த வருடங்களில் எங்கள் கண்மாய் காய்ந்து பொட்டலாகிவிடும். கருவேலஞ்செடியை வெட்டி, யூக்கலிப்டஸ் கம்பை நட்டு, சுண்ணாம்பில் கோடு போட்டால் அதுதான் எங்கள் மைதானம். ஏழு பேர் ஆட்டம். அவன் முன்னால் நிற்பான், நான் கடைசியில் கீப்பர். பந்து அவனுடைய இடது காலுக்குப் போனதும் கரையில் நிற்கிற கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். கோல் அடித்துவிட்டு ஆடமாட்டான், பாடமாட்டான். வலைக்குள் போய் பந்தை எடுத்துவந்து, தோற்ற கீப்பர் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புவான். அதனால் எதிர் ஊர்க்காரர்களுக்கும் அவனைப் பிடிக்கும். ஆட்டம் முடிந்ததும் அவனை மட்டும் வீட்டுக்குக் கூட்டிப்போய் சோறு போட்டு அனுப்பிய ஊர்கள் உண்டு. நாங்கள் மிச்சப் பேர் வண்டியில் உட்கார்ந்து வயிற்றெரிச்சல் பட்டுக்கொண்டிருப்போம்.

அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. டைல்ஸ் கடையில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. அப்பா இல்லை. அம்மா சோழவந்தான் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளப் போவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். அந்த ஒரு நாளும் அவன் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்பதுதான் அம்மாவுக்குக் கோபம்.

அந்த ஞாயிறும் அப்படித்தான். திருமங்கலத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் இறுதிப் போட்டி. எதிர் அணி முந்தைய இரண்டு வருடமும் எங்களை இறுதியில் தோற்கடித்தவர்கள். முதல் பரிசு ஒரு கிடா. கழுத்தில் மாலையோடு மேடைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். எங்கள் ஆட்கள் போன உடனேயே அதை எப்படிப் பங்கு போடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் பாதியில் நாங்கள் இரண்டு கோல் வாங்கினோம். நாங்கள் என்ன நாங்கள், நான்தான் வாங்கினேன். முதல் பந்து கையில் விழுந்து நழுவியது. இரண்டாவது என் கால் இடுக்கிலேயே புகுந்து போனது. மைக்கில் இருந்தவன் "வாடிப்பட்டி கீப்பர் கதவத் தொறந்து வச்சிருக்காரு, போறவங்க போலாம்" என்று சொல்ல, மொத்தக் கண்மாயும் சிரித்தது. ஊருக்குத் திரும்பினால் கடையில் உட்கார முடியாது, சோடா வாங்க வருகிறவனெல்லாம் இதையே கேட்பான் என்று எனக்குக் காது எரிந்தது. அன்றைக்கு என் தலையில் ஓடியது இது ஒன்றுதான்.

இடைவேளையில் அவன் கூட்டத்தோடு உட்காரவில்லை. தள்ளி, கருவேல நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். போய்ப் பார்த்தேன். வேர்வை சட்டையைப் பிழிகிற அளவுக்கு இருந்தது.

"மாப்ள, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடா," என்றான். "கை வேற மரத்துப்போன மாதிரி இருக்கு. ஒரு பத்து நிமிசம் வெளிய இருக்கட்டா?"

"காலையில என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் சாப்பிடல. அம்மாகூட சண்ட."

"வெறும் வயித்துல ஓடுனா வேற என்ன செய்யும்? வாய்வுதான்டா. இரு, வாரேன்."

வண்டியில் கடையிலிருந்து ஒரு பெட்டி சோடா கொண்டுபோயிருந்தேன். எலுமிச்சம்பழமும் உப்பும் கூட இருந்தன. கலக்கிக் கொடுத்தேன். முதுகில் நானே தட்டிவிட்டேன். ஏப்பம் வந்தது. பெரிய ஏப்பம். அணி மொத்தமும் கை தட்டியது. அவனும் சிரித்தான். "பாத்தியா, நான் சொன்னேன்ல," என்றேன். "எந்திரி மாப்ள, ரெண்டு கோலு வாங்கி வச்சிருக்கேன், என் மானத்தக் காப்பாத்து."

வாய்வு என்று நான் நிஜமாகவே நம்பினேனா? அந்தக் கேள்வியை நான் எனக்குள் கேட்காத நாளில்லை. நம்பினேன் என்று சொல்லத்தான் நாக்கு முந்துகிறது. ஆனால் வாய்வாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. அவன் வெளியே உட்கார்ந்தால் தோல்வி, தோற்றால் அது என் தலையில் விழும். அவன் இடத்தில் வேறு எவனாவது இருந்திருந்தாலோ, ஜெயித்துக்கொண்டிருக்கிற ஆட்டமாக இருந்திருந்தாலோ, "சரி மாப்ள, உக்காரு" என்றுதான் சொல்லியிருப்பேன். இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது.

இரண்டாம் பாதி இருபத்தைந்து நிமிடம். அவன் மூன்று கோல் அடித்தான். மூன்றாவது கோலுக்கு நடுக்கோட்டிலிருந்து பந்தைக் கொண்டுபோனான். நான்கு பேரைத் தாண்டி, கீப்பரையும் உட்காரவைத்து, இடது காலால் மெதுவாக உள்ளே தள்ளினான். வலைக்குள் போய் பந்தை எடுத்து வந்து, அந்தப் பையன் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றான். களைப்பு என்று நினைத்தோம்.

திரும்பி வரும்போது டாடா ஏஸ் வண்டியின் பின்னால் எங்களோடு கிடாவும் நின்றது. எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். அவன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். கப்பலூர் தாண்டும்போது தலை கனமாக இருந்தது, சற்று நகர்த்தி வைத்தேன். வாடிப்பட்டிப் பிரிவில் இறங்க எழுப்பினோம். எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் பார்த்துவிட்டு, மாரடைப்பு, உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றார். முன்னால் ஏதாவது வலி என்று சொன்னானா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எதுவும் சொல்லவில்லை சார் என்றேன். மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. சோடாவுக்குக் கை தட்டியவர்கள்தானே எல்லோரும்.

அவன் அம்மாவிடம் போய்ச் சொன்னதும் நான்தான். "தூக்கத்துலயே போயிட்டான்மா, வலின்னு ஒண்ணு தெரியல, சிரிச்ச மொகமா இருந்தான்" என்றேன். அவர் தரையில் அடித்துக்கொண்டு அழுதது வேறு ஒன்றுக்காக. "வட்டில்ல போட்ட சோத்த தள்ளிவிட்டுப் போனான்யா. அந்தப் பந்தையே போய்த் தின்னுன்னு சொல்லிட்டேன்யா. பட்டினியா ஓடித்தான் எம்புள்ள செத்தான்." யார் சொல்லியும் அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வாயில் எதுவும் படுவதில்லை, டீகூட. கொடிக்காலில் கூட வேலை பார்க்கும் பெண்கள் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

பட்டினியால் யாரும் அப்படிச் சாவதில்லை என்று அவருக்குச் சொல்ல ஒரே ஒரு ஆளால் முடியும். அவன் என்னிடம் சொன்னான், நான்தான் கேட்கவில்லை என்று நான் வாயைத் திறந்திருந்தால் போதும். நான் அதற்குப் பதிலாக ஃபிளெக்ஸ் அடித்தேன். "களத்தில் வீழ்ந்த சிங்கம்" என்று வாசகம் போட்டேன். அவன் விழுந்தது களத்திலும் இல்லை, அவன் சிங்கமும் இல்லை, எறும்பு மிதிபடக் கூடாது என்று புற்றைச் சுற்றிப் பந்தை ஓட்டுகிற ஆள். அடுத்த வருடம் அவன் நினைவாகக் கோப்பை ஆரம்பித்தேன். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைப்போம். நான் மைக்கில் அந்த மூன்றாவது கோலைச் சொல்வேன். வருடா வருடம் அதில் ஆள் கூடிக்கொண்டே போகிறது, போன தடவை ஆறு பேரைத் தாண்டிவிட்டான். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்பார். முடிந்ததும் எங்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவார். எனக்கு மட்டும் கறியை அள்ளி அள்ளி வைப்பார். நானும் சாப்பிடுவேன். ஆறு வருடம் சாப்பிட்டேன்.

இந்த வருடப் போட்டிக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் அணிக்காரன் ஒருவன் கடைக்கு ஓடிவந்தான். "அண்ணே, உப்பு சோடா ஒண்ணு போடுங்க. நம்ம டிபன்ஸ் ஆடுற ஆளுக்கு நெஞ்சுல வாய்வு பிடிச்சிருக்கு." என் கையில் எலுமிச்சம்பழம் இருந்தது, கத்தியும் இருந்தது. அதற்குப் பிறகு நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை, கெட்ட வார்த்தை நிறைய இருந்ததாக அப்புறம் சொன்னார்கள். கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, அந்த ஆளை பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இசிஜி எடுத்தார்கள். ஒன்றுமில்லை, நிஜமாகவே வாய்வுதான். ஊர் சிரித்தது. சோடாக் கடைக்காரனுக்கே சோடாவில் நம்பிக்கை இல்லையாம் என்றார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு காலை, போட்டிக்கு அழைக்க அவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் கையில் டம்ளர் இல்லை.

"கேள்விப்பட்டேன்யா," என்றார். "பெரிய காரியம் பண்ணிருக்க. எம்புள்ளைக்கும் அன்னைக்கு வலி கிலின்னு ஏதாவது வந்திருந்தா, நீ இப்புடித்தான் தூக்கிட்டு ஓடியிருப்ப. பாவிப்பய, ஒண்ணுமே இல்லாம போயிட்டான்."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாராட்டைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். கருவேல நிழல், மரத்த கை, வெளியே உட்காரட்டுமா என்று அவன் கேட்டது, சோடா, ஏப்பம், என் இரண்டு கோல், என் மானம், டாக்டரிடம் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்க சோறு போடாததுனால இல்லம்மா. என்னாலதான். இனிமேயாவது ஞாத்துக்கெழம சாப்பிடுங்க," என்று அழுதுகொண்டே சொன்னேன். விளக்குமாற்றை எடுத்து அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அடி வாங்கத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் அடிக்கவில்லை.

"எம்புட்டு நேரம்யா?" என்றார்.

"என்னம்மா?"

"அவனுக்கு எம்புட்டு நேரம் வலிச்சுச்சு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது, நான் என்ன செய்துவிட்டேன் என்று. வலி தெரியாமல் போய்விட்டான் என்ற ஒன்றைத்தான் இத்தனை வருடம் அவருக்கு நான் கொடுத்திருந்தேன். என் பாரத்தை இறக்கி வைக்க வந்த இடத்தில் அதையும் பிடுங்கிவிட்டேன். இனி பொய் சொல்லவும் வழியில்லை.

"ரெண்டாவது பாதி பூராவும் இருந்திருக்கும்மா. அதுக்கு முன்னாடியும் கொஞ்ச நேரம்."

"வலியோடயேவா ஓடுனான்?"

"ஆமாம்மா."

"அந்தக் கடைசி கோலு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் எழுந்து என் முன்னாலிருந்த டம்ளரை எடுத்தார். டீ பாதி மிச்சம் இருந்தது. வாசலில் கொட்டிவிட்டு அங்கேயே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ராத்திரி கண்ண மூடுனா அந்தக் கோல நெனச்சுத்தான்யா படுப்பேன்," என்றார். "நீ மைக்ல சொல்லுவீல்ல, அதே மாதிரி. வேற எதை நெனச்சாலும் தாங்க முடியாதுன்னுதான் அதை வச்சிருந்தேன். இனிமே நான் எதை நெனச்சுப் படுக்க?"